யார் கூப்பிடுவது? மறதி நோயும் நட்பும்

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவரின் நண்பர்கள் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில், காலை நடைக்குப் போகும்போது வாசலில் நின்று குரல் கொடுப்பது நிற்கும். அடுத்து ஞாயிற்றுக்கிழமை போன். அதன் பிறகு சீட்டாட்டத்தில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச காலத்தில் அந்த வீட்டுக்கு மருந்துக்கடைப் பையனும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் மட்டும்தான் வந்துபோவார்கள். வீட்டாரைக் கேட்டால், "நல்லா இருந்தப்ப வந்தாங்க, இப்ப எதுக்கு வரப்போறாங்க" என்பார்கள். நண்பர்களைக் கேட்டால், "அவனை அந்த நிலைமையில பார்க்க மனசு தாங்கலை" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நட்பு அறுந்துபோகும் காரணம் இதைவிடச் சாதாரணமானது. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான்.

எந்த நட்பிலும் யாராவது ஒருவர் முன்கை எடுக்க வேண்டும். "நாளைக்கு வர்றியா?" என்று கேட்க வேண்டும், தவறவிட்ட அழைப்புக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும், பேரனுக்குக் காய்ச்சல் என்று சொன்னவரிடம் மறுநாள் விசாரிக்க வேண்டும். மறதி நோய் நினைவைக் குலைப்பது எல்லோருக்கும் தெரியும். முன்கை எடுக்கும் இந்தத் திறனை அது எவ்வளவு சீக்கிரம் குலைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மூளையின் முன்பகுதியோடு தொடர்புள்ள இணைப்புகள் பாதிக்கப்படும்போது, ஆசை இருந்தாலும் அதைச் செயலாகத் தொடங்க முடிவதில்லை. டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயில் அதிகம் காணப்படும் நடத்தை மாற்றங்களில் இந்த ஆர்வக்குறைவும் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகவோ கோபமாகவோ தெரியும். நண்பர் மூன்று முறை போன் செய்வார். திருப்பி ஒரு முறைகூட வராது. "அவனுக்கு நம்ம சங்காத்தம் வேண்டாம் போல" என்று அவரும் விட்டுவிடுவார். அதே மனிதரை யாராவது கையைப் பிடித்து நடைக்குக் கூட்டிப்போனால் சிரித்துப் பேசிக்கொண்டே போவார்.

எனவே நோய் உறுதியானதும் வீட்டில் ஒருவர் அந்தக் கூப்பிடும் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை கொடுக்கும் பொறுப்பைப் பங்குபோட்டுக்கொள்கிற குடும்பங்கள் இதை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. இது மகனோ மகளோ செய்யக்கூடிய வேலை. வெளிநாட்டிலிருந்துகூடச் செய்யலாம். "தூரத்தில் இருக்கிறோம், என்ன செய்ய முடியும்?" என்று தவிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட உருப்படியான வேலை கிடையாது. அப்பாவின் போனிலிருந்து ஐந்தாறு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எந்த வகைப் பழக்கம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றாக வேலை பார்த்தவர், கோவிலுக்குக் கூடப் போகிறவர், கேரம் ஆடுகிறவர். வாரம் ஒருவர் என்று முறை வைத்து, "இந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா மாமா?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். "முடியும்போது வந்து பாருங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வருவதில்லை.

அதற்கு முன்னால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பல வீடுகள் தடுமாறும் இடம் இது. வெளியில் தெரிந்தால் கௌரவக் குறைச்சல், வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று மறைப்பார்கள். நோயாளியே சொல்ல வேண்டாம் என்று விரும்பலாம். ஆரம்ப நிலையில் இருப்பவரானால் அவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், யார் யாருக்குச் சொல்லலாம் என்பது உட்பட. ஆனால் மறைத்து வைக்கிற ஒவ்வொரு மாதமும் நண்பர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். திமிர் வந்துவிட்டது, குடிக்கிறார், மருமகள் யாரையும் அண்ட விடுவதில்லை. உண்மை இவற்றைவிடக் கௌரவமானது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஓய்வுபெற்றோர் வாட்ஸப் குழுவில் நாற்பது பேர் இருந்தால் சராசரியாக மூன்று பேர். சொல்லப்போகும் செய்தி குழுவுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது.

நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் மூன்று விஷயம் போதும்: என்ன நோய், எது இன்னும் முடிகிறது, நீங்கள் என்ன செய்யலாம். இப்படி: "அப்பாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புதிதாக நடந்தது மறந்துபோகிறது, பேச வார்த்தை தேட நேரமாகிறது. பழைய கதைகள் நன்றாகப் பேசுகிறார், கேரம் ஆடுகிறார், உங்களைப் பற்றிக் கேட்கிறார். சொன்னதையே திரும்பச் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் வந்தால் நல்லது. வருமுன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்." நடுவில் இருக்கும் "முடிகிறது" பகுதியை விட்டுவிட்டு நோயை மட்டும் சொல்லி அனுப்பினால் பதிலுக்கு அனுதாபம் வரும், ஆள் வரமாட்டார்.

டாக்டர்களும் இதில் ஒரு தவறு செய்வதுண்டு. 50 வயதுக்கு முன்பே டிமென்ஷியா கண்டறியப்பட்ட ஆஸ்திரேலியப் பெண்மணி கேட் ஸ்வாஃபர், வேலையை விடு, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு இருக்கிற காலத்தைக் கழி என்று தனக்குச் சொல்லப்பட்டதைப் பல ஆண்டுகளாகக் கடுமையாக விமர்சித்துவருகிறார். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த விலகல் என்பது அவர் வாதம். நம் ஊரிலும் "இனிமே வெளியே அலைய வேண்டாம், ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு வரி ஒரு மனிதரின் டீக்கடை, வாசகசாலை, பஜனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்திவிடுகிறது.

இனி, வந்த நண்பர் மறுபடியும் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது. முதல் வருகை சொதப்பினால் இரண்டாவது வருகை இருக்காது.

நேரத்திலேயே தப்பு ஆரம்பிக்கிறது. நம் வழக்கப்படி ஒருவரைப் பார்க்கப் போவது மாலை ஆறு மணிக்கு மேல். வேலை முடிந்து, குளித்து, விளக்கு வைத்த பிறகு. மறதி நோயுள்ள பலருக்கு அதுதான் நாளின் மோசமான நேரம். பொழுது சாயும்போது களைப்பும் குழப்பமும் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே செருப்பைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர், "ரொம்ப முத்திப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்வார். காலையில் குளித்து, டிபன் முடித்து, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். லூயி பாடி வகை டிமென்ஷியாவாக இருந்தால் ஒரே நாளுக்குள்ளேயே தெளிவும் குழப்பமும் மாறிமாறி வரும். அப்போது எந்த நேரம் நல்ல நேரம் என்று இரண்டு வாரம் நாட்காட்டியில் குறித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அப்படியும் நண்பர் வரும் நாளில் கவிழலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒருவர், அதிகம் போனால் இருவர். நான்கு பேர் சேர்ந்து வந்தால் பேச்சு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். யார் பேசுகிறார் என்று பின்தொடர்வதற்குள் விஷயம் மாறிவிடும். ஐந்து நிமிடத்தில் அவர் வாய்மூடி உட்கார்ந்துவிடுவார், மற்ற நால்வரும் தங்களுக்குள் பேசிவிட்டுக் கிளம்புவார்கள். தீபாவளி, பொங்கலன்று வருகிற கூட்டத்தைப் பண்டிகைக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்து வரச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. டிவியை அணைத்துவிடுங்கள், சத்தத்தைக் குறைத்தால் போதாது. நண்பரை ஜன்னலுக்கு முதுகுகாட்டி உட்கார வைக்காதீர்கள். முகம் நிழலில் விழுந்தால் அடையாளம் தெரியாது. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். இன்னும் ஒன்று: "ஆளே தெரியலை" என்று நாம் வருந்துகிற பலருக்குக் கண்ணில் புரையோ காதில் அழுக்கோ இருக்கும். செவித்திறன் குறைவையும் பார்வைக் குறைவையும் தனிமையையும், தவிர்க்கக்கூடிய டிமென்ஷியா அபாயக் காரணிகள் பதினான்கில் சேர்த்து 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் பட்டியலிட்டது. நோய் வந்த பிறகும் இவற்றைக் கவனிப்பது வீண்போகாது. காது கேட்கும் கருவி டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தால் எந்த நண்பர் வந்தும் பயனில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் மறதி நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாசலில் நுழைந்ததும் கேட்பது: "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" பாசத்தில் கேட்பதுதான். கேட்கப்படுபவருக்கு அது எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படும் பரீட்சை. தோற்றால் முகம் வாடும், அல்லது சமாளிப்பதற்காக "தெரியாமலா!" என்று சிரித்துவிட்டு, அதன்பின் மாட்டிக்கொள்ளும் பயத்தில் பேசவே மாட்டார். வீட்டாரும் பக்கத்தில் நின்று "சொல்லுங்கப்பா, நேத்துகூடப் பேசினோமே" என்று எடுத்துக்கொடுப்பார்கள். இந்தக் கேள்வியை வாசலிலேயே தடுத்துவிடுவது கூப்பிட்டவரின் கடமை. நண்பர் எதிரே வந்து, கண்மட்டத்தில் உட்கார்ந்து, பெயரையும் உறவையும் தானே சொல்லிவிட வேண்டும்: "மணி வந்திருக்கேன்டா, ஐசிஎஃப்ல உன்கூட வேலை பார்த்தவன்." காலங்காலமாக "டா" போட்டுப் பேசியவர் அந்த "டா"வை விடக்கூடாது. நோய் வந்ததும் திடீரென்று "எப்படி இருக்கீங்க? சாப்ட்டீங்களா?" என்று மரியாதைக்கு மாறினால், எதிரில் இருப்பவர் அந்நியர் என்ற குழப்பம்தான் கூடும். குழந்தையிடம் பேசுவது போலக் குழைவதும் வேண்டாம்.

அதற்கு அடுத்த கொடுமை, ஆளை வைத்துக்கொண்டே மனைவியிடம் "ராத்திரி தூங்குறாரா? மோஷன் போறாரா?" என்று விசாரிப்பது. அந்த விசாரிப்பெல்லாம் போனில் இருக்கட்டும்.

பேச்சில், விவரம் கேட்கும் கேள்விகளைத் தவிர்த்துக் கருத்துக் கேட்கலாம். "காலையில என்ன சாப்பிட்டே?" என்பதற்கு நினைவு வேண்டும். "இந்தக் காபியில சர்க்கரை தூக்கலா இருக்கோ?" என்பதற்கு நாக்கு போதும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பதில் வரும் வழியிலேயே நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவதால் முந்தியது அழிந்துபோகிறது. சொன்ன கதையையே மூன்றாவது முறை சொன்னால் "இதைச் சொல்லிட்டீங்களே" என்று திருத்தாமல், கதைக்குள் புகுந்து ஒரு புதுக் கேள்வி கேட்டால் சில சமயம் கதை வேறு பக்கம் திரும்பும். திரும்பாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

வெறும் பேச்சைவிடக் கைக்கு வேலை இருப்பது நல்லது. பழகிய கைவேலைகளின் நினைவு, அன்றாடச் சம்பவங்களின் நினைவைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது கைக்கு மறப்பதில்லை, கணக்குதான் மறக்கிறது. ரம்மிக்குப் பதின்மூன்று சீட்டைக் கையில் விசிறிபோல் பிடிக்க முடியாமல் தடுமாறுபவருக்கு ஏழு சீட்டு கொடுத்து, மேஜையில் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவர் கூட்டாளியாக உட்கார்ந்து ஆடலாம். அதுவும் முடியாத கட்டத்தில் கலைத்துப் பங்கு போடும் வேலையை அவருக்கே விட்டுவிடலாம், ஆட்டத்தில் அவர் இருப்பார். கேரமில் புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டு, "உன் முறை" என்று ஸ்ட்ரைக்கரை நகர்த்தி வைத்தால் போதும். பெண்களுக்குக் கீரை ஆய்வது, பூக்கட்டுவது, பட்டாணி உரிப்பது. தப்பாக ஆய்ந்தால் அவர் எதிரில் மறுபடி ஆயக்கூடாது.

நண்பர்கள் கையோடு கொண்டுவரும் தின்பண்டத்தில் ஒரு ஆபத்து உண்டு. நோய் முற்றும்போது மென்று விழுங்குவதில் சிக்கல் வரும். மிக்சர், முறுக்கு, வேர்க்கடலை மாதிரி உதிர்ந்து தெறிக்கும் பண்டங்கள் மூச்சுக்குழாயில் போய்ப் புரையேறும். சர்க்கரை நோயும் இருந்தால் ஸ்வீட் பாக்ஸும் தொல்லை. "பழுத்த வாழைப்பழம் வாங்கிட்டு வாங்க, விரும்பிச் சாப்பிடுவார்" என்று முன்பே சொன்னால் வருகிறவருக்கும் நிம்மதி.

"நான் வந்துட்டுப் போனதே அவனுக்கு ஞாபகம் இருக்காது, எதுக்குப் போகணும்?" என்பது நண்பர்கள் சொல்லும் கடைசிக் காரணம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான, மகிழ்ச்சியான திரைப்படத் துண்டுகளைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. அவை எழுப்பிய உணர்ச்சி அதன் பிறகும் நீடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கவனிக்கிற குடும்பங்கள் தினமும் பார்ப்பதும் இதையே: யார் வந்தார் என்று தெரியாமல் மதியம் வரை உற்சாகமாக இருப்பார், ஏன் என்று தெரியாமல் முகம் கறுத்தும் இருப்பார். சண்டை போட்டுவிட்டு "அவருக்கு ஞாபகமா இருக்கப்போகுது" என்று அலட்சியமாக இருப்பதற்கும் இதுவே பதில்.

நட்பு கசந்து முறிவது பெரும்பாலும் பணத்தில். வைத்த இடம் மறந்த பர்ஸ் காணாமல் போனால், மூளை அந்த இடைவெளியை ஒரு கதையால் நிரப்புகிறது. நேற்று வந்தவன் எடுத்திருப்பான். வேலைக்கார அம்மாவுக்கு அடுத்தபடியாக இந்தப் பழி விழுவது நெருங்கிய நண்பர் மீது, ஏனென்றால் அறைக்குள் வருகிறவர் அவர் ஒருவர்தான். "அவர் அப்படிச் செய்வாராப்பா?" என்று வாதாடினால் நோயாளியின் கதை இன்னும் இறுகும். "காணோமா, சேர்ந்து தேடுவோம்" என்று கூடத் தேடி, கண்டுபிடிக்கும் பெருமையை அவருக்கே விட்டுவிடுவதுதான் வழி. அதே நாளில் நண்பருக்கு ஒரு போன்: "உங்க மேல சந்தேகமே இல்லை, இது நோயோட பேச்சு, அடுத்த வாரம் கட்டாயம் வரணும்." இந்த ஒரு போன் தாமதமானதால் அறுந்த நட்புகள் ஏராளம். பர்ஸில் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் மட்டும் வைப்பது சண்டையின் அளவைக் குறைக்கும். கடன் கொடுத்தது, வாங்கியது பற்றிய பழைய கணக்கு இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் காலத்திலேயே நண்பரோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள்.

வாட்ஸப் குழு வேறு மாதிரி. ஒரே வீடியோவை ஆறு முறை அனுப்புவார், மரணச் செய்திக்கு நடனமாடும் பொம்மை போடுவார், குழுவினர் நீக்கிவிடுவார்கள். குழுவை நடத்துபவரிடம் விஷயத்தைச் சொல்லி, எழுத முடியாமல் படிக்க மட்டும் முடிகிற மாதிரி குழுவில் வைத்திருக்க வழியில்லை என்றால், ஐந்து பேர் மட்டும் உள்ள சின்னக் குழு ஒன்றைத் தொடங்கிவிடலாம். அங்கே பொம்மை நடனமாடினால் யாருக்கும் கோபம் வராது.

மூளையின் முன்நெற்றி மடலைப் பாதிக்கும் வகை டிமென்ஷியா இன்னும் கொடியது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். நினைவு நன்றாக இருக்கும், நாகரிகம் போய்விடும். அடுத்தவர் இலையிலிருந்து வடையை எடுப்பார், நண்பரின் மனைவியைப் பற்றி அசிங்கமாகப் பேசுவார், துக்க வீட்டில் சிரிப்பார். நோய் என்று தெரியும் முன்பே நண்பர்கள் ஓடியிருப்பார்கள். கண்டறிந்த பிறகாவது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அன்று நடந்தது எதனால் என்று சொல்வது அவசியம். பலர் திரும்பி வருவார்கள். வெளியே போகும்போது, "இவருக்கு மூளை பாதிப்பு நோய் உள்ளது, பேச்சு நடத்தை அவர் கட்டுப்பாட்டில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்த சிறு அட்டையை எதிராளி கையில் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம்.

நண்பர் வெளியே கூட்டிப்போவதானால், ஒப்படைப்பதும் திரும்பப் பெறுவதும் கைக்குக் கை நடக்க வேண்டும். "தெருமுனையில விட்டுட்டேன், அவரே வந்துடுவார்" என்பதில்தான் காணாமல் போவது நடக்கிறது. பேப்பர் வாங்கும் இரண்டு நிமிடம்கூடத் தனியே நிறுத்தக்கூடாது. கிளம்பும் முன் கழிவறை, சட்டைப்பையில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை, எப்போதும் நடக்கும் அதே பாதை. டீக்கடைக்காரர், சலூன்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி ஆகியோருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். ஜப்பான் 2005இல் தொடங்கிய திட்டத்தில் கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் வரை சாதாரண மக்களுக்கு மறதி நோய் பற்றி 90 நிமிடப் பயிற்சி கொடுக்கிறது. பல ஆண்டுகள் அதற்கு அடையாளமாக ஆரஞ்சு நிறக் கைவளையம் தந்தது. நம் தெருவுக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். காசு கொடுக்காமல் எழுந்து போனால் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லி டீக்கடையில் ஐநூறு ரூபாய் முன்பணம் கொடுத்துவைத்தால் பெஞ்சில் அவருக்கு இடம் இருக்கும்.

பெண்களின் இழப்பு வேறு விதம். அவர்களுடைய சிநேகிதம் பெரும்பாலும் இடத்தோடு ஒட்டியது: வாசல் கோலம், தண்ணீர்க் குழாய், வெள்ளிக்கிழமைக் கோவில், எதிர்வீட்டுத் திண்ணை. "தனியா விட முடியாது" என்று நகரத்து அடுக்குமாடிக்குக் கூட்டிவரும் நாளிலேயே அத்தனையும் போய்விடுகிறது. மகன்கள் மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்வது இன்னும் மோசம். கழிவறை எந்தப் பக்கம் என்று பிடிபடும்போது பெட்டி கட்டுவார்கள். முடிந்தவரை ஒரே வீடு. செலவையும் உழைப்பையும் மகன்கள் முறை மாற்றிக்கொள்ளட்டும். ஊரில் உள்ள இரண்டு சிநேகிதிகளோடு வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் வீடியோ அழைப்பு, திரையில் ஒரு முகம் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கல்யாண ரிசப்ஷனுக்கு இழுத்துப்போவதைவிட, புதுமணத் தம்பதியை மறுவாரம் வீட்டுக்கு வரவழைத்து ஆசீர்வாதம் வாங்கச் சொல்வது அம்மாவுக்கு நல்லது. மைக் செட் சத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு நாள் தூக்கம் போகும்.

நண்பர்கள் இறப்பார்கள். சொல்லலாமா? நடந்த அன்று, அவர் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தால், ஒரு முறை சொல்வதே நியாயம். முடிந்தால் அஞ்சலிக்கும் கூட்டிப்போகலாம். அதன் பிறகு "ராமசாமி ஏன் வரலை?" என்று கேட்கும்போதெல்லாம் "செத்துட்டாரே, மறந்துட்டீங்களா?" என்பது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. "ராமசாமி ஞாபகம் வந்துடுச்சா, அவரோட சினிமாவுக்குப் போன கதையைச் சொல்லுங்க" என்று ஆளைப் பற்றிய பேச்சுக்குள் கூட்டிப்போகலாம். பொய் சொல்கிறோமோ என்று உறுத்துகிறவர்கள், இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சு நின்ற கட்டத்திலும் நண்பருக்கு வேலை இருக்கிறது. பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைய பேப்பரில் அவருக்குப் பிடித்த பக்கத்தைச் சத்தமாகப் படிக்கலாம். இளமையில் பாடிய பாட்டை முணுமுணுத்தால் சிலர் உதடசைப்பார்கள்.

கடைசியாக, கவனித்துக்கொள்ளும் மனைவி அல்லது கணவர். இவர்களுடைய நண்பர்களும் கூடவே போய்விடுகிறார்கள். நோயாளிக்காக வருகிற நண்பரிடம் மாதம் ஒரு முறை இன்னொன்றும் கேட்கலாம்: "இரண்டு மணி நேரம் அவர்கூட இருக்கீங்களா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்." கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், என்ன உதவி செய்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்தார்கள். முதல் தடவை அரை மணி நேரம் மட்டும் போய்வந்து பழக்குங்கள். கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி மேஜையில் வையுங்கள்: கழிவறைக்குக் கேட்கும்போது என்ன வார்த்தை சொல்வார், என்ன சாப்பிடலாம், எழுந்து அலைந்தால் எதைக் கொடுத்தால் உட்காருவார், பக்கத்து வீட்டு எண், டாக்டர் எண். அதற்குக் கீழே முதியோருக்கான இலவச உதவி எண் 14567. மனம் உடைந்துபோனால் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இது போகிறவர் கைப்பைக்கு. வாசல் தாழ்ப்பாள் எப்படிப் போடுவது என்று ஒரு முறை செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.